மேடை கேட்டால் படிவம் நீட்டுகிறார்கள்!

வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெரிய கூட்டங்கள், பேச்சுரிமை, அனுமதி விதிகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அங்கே ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் நிகழ்ச்சி அனுமதிப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் வாசகி பதில் சொல்கிறார்.

கேள்வி: அக்கா, எங்கள் தமிழ் மாணவர் சங்க ஆண்டு விழாவுக்கு 400 பேர் வருவார்கள் என்று எழுதிக் கொடுத்தோம். உடனே அதைப் 'பெரிய நிகழ்ச்சி' என்று வகைப்படுத்தி, ஆறு வாரம் முன்னதாக விண்ணப்பம், வளாகப் போலீஸோடு ஒரு மீட்டிங், இன்ஷூரன்ஸ், பாதுகாப்புக் கட்டணம் என்று பட்டியல் போட்டுவிட்டார்கள். அதே வாரத்தில் ஓர் அரசியல் கிளப் 60 பேரை வைத்துக் கூட்டம் நடத்துகிறது. அவர்களுக்கு ஒன்றுமே கிடையாது. நாங்கள் பாட்டும் நாடகமும்தானே போடுகிறோம்?
*(மாணவி, இல்லினாய்)*

பதில்: அந்தப் பட்டியலை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள் தங்கச்சி. மேடையில் என்ன பேசுவீர்கள், என்ன பாடுவீர்கள் என்று ஒரு வரியாவது கேட்டிருக்கிறார்களா? இருக்காது. எத்தனை பேர், எந்த அரங்கம், எத்தனை மணிவரை, வெளியாட்கள் உண்டா, டிக்கெட் விற்பனையா, இவ்வளவுதான் இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். 400 பேர் ஒரே நேரத்தில் நான்கு கதவுகள் வழியாக ஓட வேண்டி வந்தால், அவர்கள் உள்ளே நாடகம் பார்த்தார்களா, பட்ஜெட் விவாதம் கேட்டார்களா என்பது கதவுக்குத் தெரியாது.

இதற்குச் சட்டத்தில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. சிகாகோ பூங்காத் துறை, 50 பேருக்கு மேல் கூடினால் முன்அனுமதி வாங்க வேண்டும் என்று விதி வைத்திருந்தது. கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கக் கோரிக் கூட்டம் போட நினைத்தவர்கள் அதை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தார்கள். விதி செல்லும் என்று 2002இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. கருத்து எதுவானாலும் விதி ஒன்றுதான், விண்ணப்பத்துக்கு 14 நாளில் பதில் வர வேண்டும், நீட்டித்தாலும் 28 நாளைத் தாண்டக் கூடாது, மறுத்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும், மேல்முறையீட்டுக்கு வழி இருக்க வேண்டும். இவையெல்லாம் அந்த விதியில் இருந்தன.

உங்கள் பல்கலைக்கழக விதியிலும் இவற்றைத் தேடுங்கள். பெரும்பாலும் இருபது பக்கத்துக்குக் குறையாமல் எழுதியிருப்பார்கள். நான் முதலில் புரட்டுவது 'யார் முடிவெடுப்பது' என்ற பகுதியை. '200 பேருக்கு மேல்' என்றிருந்தால் பிரச்சினை இல்லை, எண்ணிப் பார்க்கலாம். 'அல்லது நிர்வாகம் அவசியம் என்று கருதினால்' என்று பக்கத்திலேயே ஒரு சொற்றொடர் ஒட்டிக்கொண்டிருந்தால், அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். சண்டை எல்லாம் அந்த இடத்திலிருந்துதான் கிளம்பும்.

அப்புறம் ஒன்று. படிவத்துக்குப் பயந்து 180 பேர் என்று எழுதிவிட்டு 400 பேரைக் கூட்டாதீர்கள். வாசலில் நிற்பவர் கையில் எண்ணும் கருவி இருக்கும். அனுமதித்த எண்ணிக்கை வந்ததும் கதவைச் சாத்திவிடுவார். வெளியே மாட்டிக்கொண்டு நிற்பது சங்கத் தலைவரின் அப்பா அம்மாவாக இருக்கும். நடைவழியில் கூடுதல் நாற்காலி போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். தீயணைப்பு அதிகாரி உள்ளே வந்ததும் முதலில் தேடுவது அதைத்தான்.

கேள்வி: என் மகள் படிப்பது தனியார் பல்கலைக்கழகத்தில். அங்கே பேச்சுரிமை உண்டா, இல்லையா?
*(ஒரு தந்தை, மாசசூசெட்ஸ்)*

பதில்: பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசமைப்பின் முதல் சட்டத் திருத்தம் கட்டுப்படுத்துவது அரசை. அரசுப் பல்கலைக்கழகம் அரசின் அங்கம், அதனால் அதற்குக் கட்டு உண்டு. தனியார் பல்கலைக்கழகத்துக்கு அந்தக் கட்டு கிடையாது. அது தன் மாணவர் கையேட்டில் என்ன வாக்குக் கொடுத்திருக்கிறதோ அதுதான் கணக்கு. கலிஃபோர்னியா மட்டும் கொஞ்சம் வேறு. அங்கே 1992இல் வந்த லியோனார்ட் சட்டம், வளாகத்துக்கு வெளியே பேசினால் அரசு தடுக்க முடியாத ஒரு பேச்சை உள்ளே பேசியதற்காகத் தனியார் கல்லூரியும் மாணவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. ஸ்டான்ஃபர்டின் பேச்சு விதி 1995இல் நீதிமன்றத்தில் விழுந்தது அந்தச் சட்டத்தால்தான். மதம் சார்ந்த கல்லூரிகளில் இந்தச் சட்டம் அந்த மதக் கொள்கையோடு மோதினால் அதற்கு விலக்கு இருக்கிறது. மற்றபடி கையேட்டைப் படியுங்கள். சேரும்போது கையெழுத்துப் போட்டது அதற்குத்தான்.

கேள்வி: வெறுப்பைக் கக்கும் ஓர் ஆள் வந்து பேச, ஒரு பல்கலைக்கழகம் 6 லட்சம் டாலர் பாதுகாப்புக்குச் செலவழித்தது என்று படித்தேன். என் மகன் கட்டும் ஃபீஸ் இதற்கா? 'வேண்டாம், போய் வா' என்று சொல்லித் தொலைத்தால் என்ன?
*(வாசகர், நியூ ஜெர்சி)*

பதில்: நீங்கள் சொல்வது ஃப்ளோரிடா பல்கலைக்கழகமாக இருக்கும் சார். 2017 ஆகஸ்டில் வர்ஜீனியாவின் சார்லட்ஸ்வில்லில் வெள்ளையினவாதிகளின் தீப்பந்த ஊர்வலமும் ஓர் உயிரிழப்பும் நடந்த அதே சமயத்தில், வெள்ளையின மேலாதிக்கம் பேசும் ரிச்சர்ட் ஸ்பென்சரின் ஆட்கள் அங்கே அரங்கம் கேட்டார்கள். பல்கலைக்கழகம் முதலில் மறுத்தது. வழக்கு வரும் என்று தெரிந்ததும் அக்டோபர் 19ஆம் தேதிக்குக் கொடுத்தது. ஆளுநர் அந்த மாவட்டத்துக்கு நெருக்கடி நிலை அறிவித்தார். பாதுகாப்புக்கு ஆன செலவு சுமார் 6 லட்சம் டாலர். அவர்களிடம் வாங்கிய வாடகை 10,564 டாலர். மீதி பொதுப் பணம்.

வயிறு எரியும்தான். ஆனால் அந்த மீதியை ஏன் அவர்கள் தலையில் கட்ட முடியவில்லை என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. ஜார்ஜியாவில் ஃபார்சைத் என்றொரு மாவட்டம். 1987இல் அங்கே நடந்த ஒரு சமூக உரிமை ஊர்வலத்துக்குப் போலீஸ் பாதுகாப்புக்கு மட்டும் 6,70,000 டாலருக்கு மேல் ஆனது. அதன்பின் ஊர்வல அனுமதிக்கு நாளுக்கு 1,000 டாலர்வரை கட்டணம் போடலாம், எவ்வளவு என்பதை அதிகாரி தீர்மானிப்பார் என்று மாவட்டம் விதி செய்தது. மார்ட்டின் லூதர் கிங் விடுமுறையை எதிர்த்துக் கூட்டம் போட வந்த ஓர் அமைப்புக்கு 100 டாலர் என்றார்கள். 100 டாலர்தான்! அது உச்ச நீதிமன்றம்வரை போனது. 1992இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் விதி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. கேட்பவர்கள் கொதித்துப்போய்க் கலாட்டா செய்யக்கூடும் என்பதற்காகப் பேசுகிறவரிடம் கூடுதலாகப் பணம் வாங்கக் கூடாது, அதிகாரியின் மனம்போல் கட்டணம் வைக்கவும் கூடாது. அதுதான் சாரம்.

இந்தத் தீர்ப்பு யாரைக் காப்பாற்றுகிறது என்று யோசித்துப் பாருங்கள். அன்று வழக்கில் ஜெயித்தவர்கள் கிங் விடுமுறையை எதிர்த்தவர்கள். ஆனால் 1987இல் அதே ஊரில் கல்லடிபட்டு நடந்த சமூக உரிமைக்காரர்களிடம் அந்த 6,70,000 டாலரைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? யாரைப் பார்த்தால் அதிகம் பேருக்குக் கோபம் வருகிறதோ அவருக்குத்தான் பில் ஏறும். சிறுபான்மையாக இருக்கிற நாம் அந்தக் கணக்கை விரும்பவே முடியாது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இதே சிக்கல் வேறு வடிவில் வந்தது. 2017 பிப்ரவரி 1 அன்று ஒரு வலதுசாரிப் பேச்சாளரின் கூட்டம் தொடங்கும் முன்பே முகமூடிக்காரர்கள் புகுந்து கண்ணாடிகளை உடைத்துத் தீ வைத்தார்கள். கூட்டம் ரத்து. வளாகத்துக்குச் சேதம் சுமார் ஒரு லட்சம் டாலர். அந்தச் செப்டம்பரில் இன்னொரு வலதுசாரிப் பேச்சாளரான பென் ஷபிரோ வந்தபோது பாதுகாப்புச் செலவு சுமார் 6 லட்சம் டாலர், அழைத்த மாணவர் கிளப்புக்குப் போட்ட பில் 9,162 டாலர். 'பிரபலப் பேச்சாளர்' என்று தனி வகை வைத்து, அவர்கள் மாலைக்குள்ளேயே பேசி முடிக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளும் இருந்தன. யார் பிரபலம்? அதற்கு அளவுகோல் ஏது? வழக்கு நடந்தது. 2018 டிசம்பரில் சமரசம். அந்த விதியை விலக்கிக்கொண்டு, கட்டண அட்டவணையைத் திருத்தி, வக்கீல் செலவுக்கு 70,000 டாலரும் கொடுத்தது பல்கலைக்கழகம். தவறு என்று ஒப்புக்கொள்ளவில்லை. அதை எந்தப் பல்கலைக்கழகமும் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை.

நிர்வாகத்தின் கை அப்படியே கட்டப்பட்டிருக்கிறது என்றும் இல்லை. வெளியாருக்கு அரங்கம் வாடகைக்கு விடுவதா என்பது அதன் விருப்பம். 2016 டிசம்பரில் அதே ஸ்பென்சர் வந்து போனபின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம், வளாகத்துக்குள் இருக்கும் ஏதாவது ஓர் அமைப்பு பொறுப்பேற்றால்தான் வெளியாருக்கு இடம் என்று மாற்றிவிட்டது. எல்லா வெளியாருக்கும் அதே விதி, அதனால் அது நிற்கும். 'அடி, உடனே போய் அடி' என்று தூண்டுவதும் குறிப்பிட்ட ஆளை மிரட்டுவதும் பேச்சுரிமைக்குள் வராது. ஆனால் தூண்டுதல் என்று சொல்ல 1969ஆம் ஆண்டு தீர்ப்பு வைத்த வரம்பு மிக உயரம்: வன்முறை உடனடியாக நடக்க வேண்டும் என்ற நோக்கமும், நடந்துவிடும் என்ற நிலையும் இரண்டும் இருக்க வேண்டும். மனம் நோகிறது என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

என் அலுவலகத்துக்கும் இப்படி ஒரு போன் வந்ததுண்டு. பெரிய பதவியில் இருந்தவர். ஒரு கிளப்பின் பெயரைச் சொல்லி, "இவர்களுக்குப் பெரிய அரங்கம் காலியில்லை என்று சொல்ல ஏதாவது வழி இருக்கிறதா?" என்று கேட்டார். "சார், இதையே ஒரு மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள், பார்க்கிறேன்" என்றேன். மின்னஞ்சல் வரவில்லை. அரங்கம் காலியாகத்தான் இருந்தது, அவர்களுக்கே போயிற்று. கூட்டத்துக்கு வந்தது நாற்பது பேர் இருக்கும்.

கேள்வி: பேச்சாளருக்குப் பேச்சுரிமை என்றால், எழுந்து நின்று கத்துகிறவருக்கும் அதே உரிமைதானே? அவரை ஏன் வெளியே இழுத்துப் போகிறார்கள்?
*(மாணவர், கலிஃபோர்னியா)*

பதில்: அரங்கத்துக்கு வெளியே கத்தலாம், பதாகை பிடிக்கலாம், துண்டுப் பிரசுரம் தரலாம், பேச்சாளர் ஆரம்பிக்கும்போது மொத்தமாக எழுந்து வெளிநடப்புச் செய்யலாம். உள்ளே ஒரு முறை 'வெட்கம்!' என்று குரல் கொடுப்பதையும் யாரும் பெரிதுபடுத்தமாட்டார்கள். கேட்க வந்தவர் கேட்கவே முடியாதபடி தொடர்ந்து செய்தால் அது வேறு. அந்த அரங்கத்தை அந்த நேரத்துக்கு ஒருவருக்கு ஒதுக்கியாகிவிட்டது. அதில் மேடையைப் பறிப்பது அடுத்தவர் உரிமையை மறுப்பதுதான்.

உங்கள் மாநிலத்திலேயே நடந்தது. 2010 பிப்ரவரியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தில் இஸ்ரேல் தூதர் மைக்கேல் ஓரன் பேசினார். மாணவர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து குறுக்கிட்டார்கள். 11 பேர் கைதானார்கள். அடுத்த ஆண்டு, கூட்டத்தைக் குலைத்த சிறு குற்றத்துக்காக 10 பேர் மீது தீர்ப்பும் வந்தது. வெளியேற்றியது சரி, பல்கலைக்கழகம் ஒழுங்கு நடவடிக்கை எடுத்ததும் சரி. குற்ற வழக்குப் போட்டது அதிகப்படி என்பது என் எண்ணம். இருபது வயதுப் பிள்ளைகள், ஓரிரு வாக்கியம் கத்திவிட்டுத் தாங்களாகவே வாசலை நோக்கி நடந்தவர்கள்.

எங்கள் அரங்கில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். குறுக்கீடு வந்தால் யார் மைக்கைப் பிடித்து என்ன சொல்வது என்று கூட்டத்துக்கு முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துவிடுவோம். முதல் எச்சரிக்கை எல்லாருக்கும் பொதுவாக, இரண்டாவது குறிப்பிட்ட ஆளுக்கு, மூன்றாவதில் வெளியேற்றம். யார் பேசினாலும் அதே தாள், அதே வரிகள். படிப்பது போலீஸ்காரர் அல்ல, மாணவர் நலப் பிரிவு ஆள். சீருடை முன்னால் வந்து நின்றாலே அரங்கத்தின் சூடு ஏறிவிடும். கேள்வி நேரத்துக்கு இருபது நிமிடம் ஒதுக்கி, அதை முதலிலேயே அறிவிப்பதும் பாதிக் கூச்சலைக் குறைக்கும். தனக்கும் மைக் கிடைக்கும் என்று தெரிந்தவர் பெரும்பாலும் காத்திருப்பார்.

கேள்வி: படிக்கப் போன பிள்ளைகளுக்கு மேடையும் ஊர்வலமும் எதற்கு? விதியெல்லாம் போட்டு மெனக்கெடுவதைவிட, வளாகத்துக்குள் அரசியலே கூடாது என்று ஒரே வரியில் முடித்துவிடலாமே!
*(ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்)*

பதில்: அந்த ஒரே வரியை ஏற்கெனவே போட்டுப் பார்த்துவிட்டார்கள் ஐயா. 1964 செப்டம்பரில், பெர்க்லி வளாகத்தின் வாசலருகே மாணவர்கள் மேசை போட்டு அரசியல் பிரசுரம் தருவதற்கும் நிதி திரட்டுவதற்கும் நிர்வாகம் தடை போட்டது. தெற்கே கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக வேலை செய்துவிட்டு அந்தக் கோடையில்தான் சில மாணவர்கள் திரும்பியிருந்தார்கள். அவர்களிடம் போய் மேசையை மடக்கு என்றால்?

அக்டோபர் 1ஆம் தேதி, தடையை மீறிப் போட்ட மேசையில் இருந்த ஜாக் வைன்பெர்க் என்ற இளைஞர் அடையாள அட்டையைக் காட்ட மறுத்தார். கைது செய்து போலீஸ் காரில் ஏற்றினார்கள். மாணவர்கள் காரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். கார் 32 மணி நேரம் நகரவில்லை, உள்ளே வைன்பெர்க். அந்தக் காரின் கூரையே மேடையாயிற்று. மாணவர் தலைவர் மாரியோ சாவியோ ஏறும்போது காருக்குச் சேதம் வரக் கூடாது என்று காலணியைக் கழற்றிவிட்டு ஏறினார். டிசம்பரில் நிர்வாகக் கட்டடத்துக்குள் புகுந்து உட்கார்ந்தவர்களில் ஏறத்தாழ 800 பேர் கைதானார்கள்.

டிசம்பர் 8 அன்று பேராசிரியர் மன்றம் கூடி வாக்கெடுத்தது. 824க்கு 115. பேச்சின் உள்ளடக்கத்தைப் பல்கலைக்கழகம் கட்டுப்படுத்தக் கூடாது, நேரம், இடம், முறை ஆகியவற்றுக்கு நியாயமான ஒழுங்கு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். நான் வேலையில் சேர்ந்தபோது கொடுத்த விதிப்புத்தகத்தின் முதல் பக்கமும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னது. நீங்கள் மெனக்கெடுதல் என்கிற அந்தப் படிவங்கள் எல்லாம் 'நேரம், இடம், முறை' என்பதன் பிள்ளைகள்.

ஒரு தலைமையாசிரியரிடம் நான் கேட்கக் கூடாதுதான், இருந்தாலும் கேட்கிறேன்: 'அரசியல் கூடாது' என்றால் எது அரசியல் என்று யார் சொல்வது?

கேள்வி: யூட்டாவில் நடந்த கொலைக்குப் பிறகு, திறந்தவெளிக் கூட்டங்களையே நிறுத்திவிடுவதுதானே புத்திசாலித்தனம்?
*(வாசகி, அரிசோனா)*

பதில்: 2025 செப்டம்பர் 10, யூட்டா வேலி பல்கலைக்கழகம். வலதுசாரிப் பேச்சாளர் சார்லி கிர்க் பேசிக்கொண்டிருந்தது கட்டடங்கள் சூழ்ந்த ஒரு முற்றத்தில். கூட்டம் சுமார் 3,000 பேர். வளாகப் போலீஸார் ஆறு பேர், அவரது சொந்தப் பாதுகாவலர்கள் தனி. உள்ளே வருவோரைப் பரிசோதிக்க ஏற்பாடு இல்லை. தோட்டா ஒரு கட்டடத்தின் கூரையிலிருந்து வந்தது. இதைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது, கூரைக்குப் போகும் படிக்கட்டுச் சாவி யாரிடம் இருந்திருக்கும் என்பதுதான். இந்த வேலை பார்த்தவர்களுக்கு அப்படித்தான் புத்தி போகும்.

நிறுத்த வேண்டாம் என்பேன். ஆனால் சில கூட்டங்களை உள்ளே மாற்றச் சொல்வது நியாயம். அரங்கம் என்றால் கதவு எண்ணிக்கை தெரியும், பையைச் சோதிக்கலாம், உலோகக் கண்டறிகருவி வைக்கலாம், கூரைக் கவலை இல்லை. திறந்தவெளியிலேயே நடத்தினால் சுற்றியுள்ள கட்டடங்களின் மேல்தளத்தைப் பூட்டுவது, உயரத்தில் ஆள் நிறுத்துவது, பக்கத்து ஊர்ப் போலீஸை முன்கூட்டியே அழைப்பது என்று வேலை நீளும். சிறிய கல்லூரிகளிடம் அதற்கு ஆளும் இல்லை, பணமும் இல்லை. அங்கே உண்மையான கஷ்டம் இருக்கிறது, அதை மறைப்பதில் பிரயோஜனமில்லை. ஆறு வாரம் முன்னால் விண்ணப்பம் கேட்பதன் காரணமும் இதுதான். ஆறு நாளில் ஆள் திரட்ட முடியாது.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. 'பாதுகாப்பு' என்ற ஒரு சொல் போதும், பிடிக்காத கூட்டத்தை ஆறு மாதம் தள்ளிப்போட. என்ன தகவல் வந்தது, அதற்கு என்ன ஏற்பாடு தேவை, எந்த மாற்றுத் தேதி, எந்த மாற்று இடம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாற்று இடம் சொல்லாமல் 'பாதுகாப்பு' என்று மட்டும் சொன்னால் நான் நம்பமாட்டேன்.

கேள்வி: அம்மா, என் மகள் மாணவர் விசாவில் படிக்கிறாள். நண்பர்கள் ஒரு கண்டனப் பேரணிக்கு 'பொறுப்பாளர்' என்று அவளைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்களாம். போடலாமா? எனக்குத் தூக்கமே இல்லை.
*(ஒரு தாய், கோயம்புத்தூர்)*

பதில்: அந்தக் கையெழுத்துக்கு என்ன அர்த்தம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இடத்தை முன்பதிவு செய்தவர், கூட்டம் முடியும்வரை அங்கே இருக்க வேண்டியவர், சேதமானால் பதில் சொல்ல வேண்டியவர், போலீஸ் ஏதாவது கேட்டால் முன்னால் வர வேண்டியவர். பேரணியில் எழும் கோஷங்களுக்கு அவள் உத்தரவாதம் என்று அர்த்தமில்லை.

சட்டப்படி, அங்கே வாழும் வெளிநாட்டவருக்கும் பேச்சுரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1945லேயே சொல்லியிருக்கிறது. பாஸ்டனில் ஒரு கூட்டாட்சி நீதிபதி 2025 செப்டம்பர் 30 அன்று அதையே மறுபடி அழுத்தமாகச் சொன்னார். ஆனால் சட்டம் சொல்வது ஒன்று, நடந்தது ஒன்று. அதே ஆண்டு மார்ச்சில், மாணவர் பத்திரிகையில் ஒரு கட்டுரைக்குக் கூட்டாகப் பெயர் கொடுத்த டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவி ஒருவரைத் தெருவில் பிடித்துக்கொண்டு போய் ஆறு வாரம் காவலில் வைத்தார்கள். பிறகுதான் நீதிமன்றம் விடுவித்தது. இதைத் தெரிந்துகொண்டே உங்கள் மகளிடம் 'தைரியமாகப் போடு' என்று நான் சொல்ல முடியாது.

என் யோசனை, அந்தப் படிவத்தில் குடியுரிமை உள்ள ஒரு நண்பர் கையெழுத்துப் போடட்டும். கேட்டுக்கொண்டால் நல்ல நண்பர்கள் புரிந்துகொள்வார்கள். இதில் கோழைத்தனம் ஒன்றுமில்லை. பேரணிக்குப் போவதா வேண்டாமா என்பது அவள் முடிவு. போனால் அனுமதித்த நேரத்தோடு கிளம்பிவிட வேண்டும். 2024 ஏப்ரலில் கொலம்பியா பல்கலைக்கழகப் புல்வெளியில் கூடாரம் போட்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்தார்கள். கோஷத்துக்காகக் கைது என்று சொல்லவில்லை, அத்துமீறி நுழைந்ததாக வழக்கு. அதன்பின் பல பல்கலைக்கழகங்கள் கூடாரத்துக்கும் இரவுத் தங்கலுக்கும் தனி விதியே கொண்டுவந்தன. குடிமகனுக்குக் கைது ஒரு தொல்லை, விசாவில் இருப்பவருக்குக் கைதே விசாவைத் தொட்டுவிடும், தீர்ப்புவரை போக வேண்டியதில்லை.

சர்வதேச மாணவர் அலுவலகத்தை விடவும், பல வளாகங்களில் இருக்கும் மாணவர் சட்ட உதவி மையம் இதற்கு நல்லது. அங்கே வக்கீலிடம் சொல்வது வெளியே போகாது. அவளை இந்த வாரமே போய்வரச் சொல்லுங்கள்.

கேள்வி: அக்கா, வளாகப் புல்வெளியில் பறை அடிக்கக் கேட்டோம். 'ஒலிபெருக்கி விதிப்படி வகுப்பு நேரத்தில் முடியாது' என்றார்கள். பறைக்கு ஏது பிளக்?
*(பறைக் குழு மாணவர், டெக்சாஸ்)*

பதில்: நியாயமான கேள்வி தம்பி! விதியில் 'மின்சாரத்தால் பெருக்கிய ஒலி' என்றுதான் எழுதியிருக்கிறது என்றால் பறை அதில் வராது. அதைச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆனால் 'வகுப்புக்கு இடையூறு' என்று வேறொரு பக்கத்தில் இன்னொரு விதி கட்டாயம் இருக்கும், அதில் மாட்டுவீர்கள். ஒலி அளவை அரசு கட்டுப்படுத்தலாம் என்பதில் சட்டச் சந்தேகம் இல்லை. நியூயார்க் சென்ட்ரல் பார்க் மேடையில் கச்சேரி செய்பவர்கள் நகரம் தரும் ஒலிக் கருவியையும் ஒலி நிபுணரையும்தான் பயன்படுத்த வேண்டும் என்ற விதியையே உச்ச நீதிமன்றம் 1989இல் ஏற்றுக்கொண்டது.

உங்கள் மாநிலக் கதை இன்னும் சுவாரசியம். 2019இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, அரசுப் பல்கலைக்கழகங்களின் திறந்தவெளிகள் எல்லாருக்கும் பேச்சுக்குத் திறந்தவை என்றார்கள். 2025இல் அதே சட்டமன்றம் பின்வாங்கி, இரவு 10 முதல் காலை 8 வரை கூடாது, பருவத்தின் கடைசி இரண்டு வாரத்தில் வெளிப் பேச்சாளர், ஒலிபெருக்கி, மேளம் முதலான தாளக் கருவிகள் எதுவும் கூடாது என்று எழுதியது. மேளத்தைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள்! அந்த அக்டோபரில் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் அதன் சில பகுதிகளுக்கு இடைக்காலத் தடை போட்டார். அந்தத் தடை உங்கள் வளாகத்துக்குப் பொருந்துமா என்பதை மாணவர் நலப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள்.

இதற்கிடையில் மதிய இடைவேளையோ மாலையோ, நூலகத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கேட்டுப் பாருங்கள். தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். அனுமதி கிடைத்ததும் அதை அச்சிட்டு யாராவது ஒருவர் பையில் வைத்திருக்க வேண்டும். ரோந்து வருபவருக்கு உங்கள் போனில் மின்னஞ்சலைத் தேடும்வரை பொறுமை இருக்காது.